வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

மார்லிங்தோர்ப் ஊர் மண்டபத்தைத் திறந்ததும் மாவிஸ் ஆட்லிங் முதலில் போய் ஜன்னலைத் திறப்பாள். மழைக்கோட்டு ஈரம், பாட்மிண்டன் காலணி, எப்போதோ கொட்டிக் காய்ந்த பால் எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு வாடை உண்டு. அதுகூடப் போய்விடும். ஏழரை மணிக்கு ஐந்து உறுப்பினர்களும் வந்து உட்கார்ந்த பிறகு கிளம்புகிற நாற்றத்துக்குத்தான் எந்த ஜன்னலும் போதாது.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பாரிஷ் கவுன்சில் என்கிற ஊராட்சியின் கூட்டம். பெயர்தான் பாரிஷ், பாதிரியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடைபாதை, கல்லறைத் தோட்டத்துப் புல், பேருந்து நிழற்குடை, வாய்க்கால், நாய்ப் பீ. இவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம். இந்த ராஜ்ஜியத்துக்கு மாவிஸ் எழுத்தர். பத்தொன்பது வருஷத்துக்கு முன் பழைய எழுத்தர் அறுவடை வாரத்தில் செத்துப்போனார். விதை வியாபாரி அலுவலகத்தில் வேலை பார்த்த மாவிஸிடம்தான் ஊரிலேயே தட்டச்சு இயந்திரம் இருந்தது. ஒரு மாதம் மட்டும் பார்த்துக்கொள் என்றார்கள். இப்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயது.

அவளுக்கு ஒரு திறமை இருந்தது. அதை நினைத்தால் இப்போது அவளுக்கே குமட்டுகிறது. கூட்டத்தில் என்ன அசிங்கம் நடந்தாலும் அதை வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்துவிடுவாள். கீத் லெகாட் இன்னொரு உறுப்பினரைத் 'திருட்டு நாயே' என்று கத்தினார் என்றால், கூட்டக் குறிப்பு எழுதுகிற மினிட் புத்தகத்தில் 'உறுப்பினர்களிடையே விரிவான கருத்துப் பரிமாற்றம் நடந்தது' என்று இருக்கும். பெவர்லி ஸ்டார்க் பிஸ்கட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள் என்றால், 'உறுப்பினர் ஸ்டார்க் 8.40க்கு விடைபெற்றார்' என்று இருக்கும்.

"உள்ள போறது சாக்கடை, வெளிய வர்றது பன்னீர்," என்பார் அவள் கணவர் லெஸ். "உன்னை மாதிரி ஒரு ஆள் இருந்தா எந்த ராஜா வேணா ஆளலாம்."

அப்போதெல்லாம் அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

இந்தப் பன்னீரையும் யாரும் குடித்ததில்லை. கூட்டம் முடிந்து பத்து நாளில் ஐந்து உறையில் குறிப்பைப் போட்டு ஐந்து வீட்டுக் கதவிலும் நுழைத்துவிட்டு வருவாள். ஒரு பிரதியை நிழற்குடைக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடிப் பலகையில் குத்துவாள். அடுத்த கூட்டத்தில் சேர்மன் கேட்பார், "போன கூட்டத்துக் குறிப்பு. வாசித்ததாகக் கொள்ளலாமா?" ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பிறகு அது உண்மையான பதிவு என்று சேர்மன் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒருவர்கூட ஒரு வரிகூட வாசித்ததில்லை. ஒருமுறை மாவிஸ் ஜூனுக்குப் பதில் ஜனவரி என்று தேதி அடித்துவிட்டாள். அதற்கும் கையெழுத்து விழுந்தது.

சேர்மன் ரூபர்ட் பிளாஞ்சர்ட். ஊரைச் சுற்றி அவருடைய முட்டைக்கோஸ் வயல், வடக்கே அவருடைய பன்றிக் கொட்டகை. அஜெண்டாவில் இரண்டாவது பொருள் எப்போதும் ஒன்றேதான். இன்றைக்குப் பேசப்போகிற எதிலாவது சொந்த லாபமோ நஷ்டமோ உள்ள உறுப்பினர் எழுந்து அதைச் சொல்ல வேண்டும், அந்தப் பேச்சு வரும்போது வெளியே போய்விட வேண்டும். "யாருக்கும் ஒண்ணும் இல்லையே? நல்லது, அடுத்தது," என்பார் பிளாஞ்சர்ட், மூச்சு விடாமல்.

இல்லாமல் என்ன? பொருள் பதினாலு, அந்த வாய்க்கால் விஷயம், முழுக்க அவருடையதுதான்.

மில் சந்தில் ஆறு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் பிளாஞ்சர்ட் வயலை ஒட்டி ஒரு வாய்க்கால். வீடுகளின் கழிவுத் தொட்டி வழிந்தாலும் பன்றிக் கொட்டகையைக் கழுவினாலும் எல்லாம் அதில்தான் வரும். ஓடிக்கொண்டிருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. போன நவம்பரில் அது எங்கேயோ அடைத்துக்கொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கறுப்பாகப் பொங்கி, வரிசையில் தாழ்வாக இருக்கிற கடைசி வீட்டுக்குள் போய்விடும். அது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற நெவில் பைக்கின் வீடு. யார் நிலத்தை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறதோ அவர்தான் தூர் வார வேண்டும். இது மாவிஸுக்குத் தெரியும், பிளாஞ்சர்டுக்கும் தெரியும். சிவப்புக் கோடு போட்ட வரைபடம் மாவிஸின் கோப்பில் இருந்தது. மூன்று முறை எடுத்து மேஜையில் வைத்தாள். மூன்று முறையும் சேர்மன் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

நெவில் ஒரு கூட்டம் விடாமல் வந்தார். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். முட்டை வேகவைக்க வைத்திருக்கிற மணல் கடிகாரத்தை பிளாஞ்சர்ட் திருப்பி வைப்பார். மே மாதம் நெவில் பேசவே இல்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

"என்னங்க இது! சீ!" என்று பெவர்லி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள்.

"எங்க வீட்டு முன்னறையில எடுத்தது," என்றார் நெவில். "மூணு நிமிஷம் இருக்கே. மோந்துகிட்டே இருங்க."

"சாம்பிள் கொண்டு வர்றதா இருந்தா முன்கூட்டியே எழுத்தருக்கு எழுதிக் கொடுக்கணும்," என்றார் பிளாஞ்சர்ட். "மாவிஸ், அதை மூடுங்க."

மாவிஸ் மூடினாள். அன்றைய குறிப்பில் 'திரு. பைக் தமது கவலையைத் தெரிவித்தார். கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதினாள். கவனத்தில் கொள்ளப்பட்டது, கவனத்தில் கொள்ளப்பட்டது. செப்டம்பருக்குள் அந்த வருஷம் மட்டும் ஒன்பது முறை எழுதிவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் அதே வாசகத்தை நெவிலுக்குக் கடிதமாக அடித்துத் தரச் சொன்னார் சேர்மன். தபால்தலை எதற்கு என்று மாவிஸ் நேரிலேயே எடுத்துக்கொண்டு போனாள். சந்து திரும்பும்போதே நாற்றம் முகத்தில் அறைந்தது. நெவில் வேலைக்குப் போயிருந்தார். "திறந்துதான் இருக்கு, வா," என்று உள்ளேயிருந்து ஹேசல் குரல் கொடுத்தாள்.

ஹேசல் நெவிலின் மனைவி. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறியவள். மாவிஸின் இரண்டு பிள்ளைகளும் அவள் கையால் சாப்பிட்டவர்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மாடி ஏற முடியாது என்று முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலின் நாலு காலுக்கும் கீழே செங்கல், காலுக்கு நாலு நாலாக அடுக்கியிருந்தது. தரை விரிப்பைக் கிழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அந்த உயரத்தில் ஹேசலின் கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, கப்பல்ல படுத்துக்கிட்டு வர்றேன்," என்றாள் ஹேசல். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. "போன வாரம் எலி ஒண்ணு நீந்திக்கிட்டே வந்துச்சு. என்னைப் பாத்துட்டு அதுவே திரும்பிடுச்சு."

மாவிஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையிலிருந்த உறையைக் கோட்டுப் பைக்குள் தள்ளினாள். "கவுன்சில்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், ஹேசல்."

"தெரியும். நீ பலகையில குத்தறதை நெவில் வந்து ஒப்பிப்பாரு. நீ நல்லா எழுதறே, மாவிஸ்." குத்திக்காட்டுகிறாளா என்று மாவிஸ் முகத்தைப் பார்த்தாள். இல்லை, மனசாரத்தான் சொன்னாள். "இவ்வளவு நாத்தத்தையும் நீ எழுதினா கொஞ்சம்கூட நாத்தமே வரலை."

மாவிஸ் கடிதத்தைக் கொடுக்காமலேயே வெளியே வந்தாள். சந்து முனையில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாய்க்கால் நாற்றத்தால் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை.

அக்டோபர் கூட்டம். ஹேசலுக்கு இருமல் அதிகமாகி நெவில் வரவில்லை. பொதுமக்கள் நாற்காலிகள் காலி. ஆள் இல்லை என்றதும் உறுப்பினர்களின் நாக்கு அவிழ்ந்துகொண்டது.

ஊர் எல்லைப் பலகைக்குக் கீழே வைக்கிற பூந்தொட்டிகளுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது பொருள் ஏழு. ஐம்பத்தைந்து நிமிஷம் ஓடியது. மாவிஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"பழுப்பு அடிச்சா சவப்பெட்டி மாதிரி இருக்கும்," என்றாள் பெவர்லி. அழகான ஊர்ப் போட்டியில் பரிசு வாங்குவதற்காகவே பிறந்தவள் அவள். "போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் ஜெயிச்சது தொட்டியாலதான். நான் சொன்னா யாரு கேக்கறீங்க?"

பொருள் ஒன்பது, கீத் லெகாட்டின் அறிக்கை. ஓய்வு பெற்ற போலீஸ்காரர். இப்போது காலையில் எழுந்து தெருவெல்லாம் நடந்து, நாய்ப் பீயைக் கண்டால் அதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் வட்டம் போட்டுவிட்டு வருவார். "இந்த மாசம் இருபத்தி மூணு. அதுல தேவாலயச் சுவர்கிட்ட ஆறு. நாலு இடத்துல வட்டம் போட்டதுக்கு அப்புறம் வட்டத்துக்குள்ளயே புதுசா ஒண்ணு." அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. எண்ணுவதும் வட்டம் போடுவதும் அவர் வேலை. அள்ளுவது யார் வேலை என்று இதுவரை தீர்மானம் ஆகவில்லை.

கடைசியில் பொருள் பதினாலு.

"மறுபடியும் அந்த வாய்க்கால்," என்று பிளாஞ்சர்ட் கண்ணைத் தேய்த்தார். "இது நம்ம வேலையே இல்லையே."

"அது மேல இருக்கற கவுண்டி ஆபீஸ் வேலை," என்றார் கீத்.

"கவுண்டியில நிலத்துக்காரர் வேலைன்னு எழுதிட்டாங்க," என்றாள் மாவிஸ். "கடிதம் உங்க எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன்."

"எந்த நிலத்துக்காரர்னு இன்னும் தெளிவாகலையே," என்றார் பிளாஞ்சர்ட். வரைபடம் அவர் கோப்பைக்குக் கீழேதான் இருந்தது.

பெவர்லி பெருமூச்சு விட்டாள். "அந்த வீடு பள்ளத்துல இருக்குன்னு வாங்கறப்பவே தெரியாதா? எங்க வீடு மேட்டுல. நாங்க வந்து புகார் பண்றோமா?"

"அந்தாளு பாட்டிலைக் கொண்டாந்து வெச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை," என்றார் கீத். "அதுக்கு நான் யார்கிட்ட புகார் பண்றது?"

"பொண்டாட்டியைத் தூக்கி மாடியில படுக்க வெச்சா விஷயம் முடிஞ்சுது," என்றார் பிளாஞ்சர்ட். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்கள் வேலை கை தூக்குவதும் சிரிப்பதும்தான். சிரிப்பைக் கேட்டதும் சேர்மனுக்கு இன்னும் குஷி வந்துவிட்டது. எழுந்து நின்றார். "சரிங்க, நானே தீர்மானம் கொண்டு வர்றேன். அடுத்த கூட்டம் முடிஞ்சு வர்ற சனிக்கிழமை, நாம அஞ்சு பேரும் பூட்ஸை மாட்டிக்கிட்டு, ஆளுக்கொரு வாளியோட வாய்க்கால்ல இறங்கி, பைக் தம்பதிக்காக நம்ம கையாலயே அள்ளிப் போட்டுடலாம். என்ன சொல்றீங்க?"

"வழிமொழியறேன்!" என்று பெவர்லி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஆதரிக்கிறவங்க?"

ஐந்து பேரும் கை தூக்கினார்கள். கீத் இரண்டு கையையும் தூக்கினார். "ஏகமனதா நிறைவேறிடுச்சு. பொருள் பதினஞ்சு," என்றார் பிளாஞ்சர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாவிஸின் பேனா நிற்கவில்லை.

மறுநாள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். 'விரிவான விவாதத்துக்குப் பின்' என்று விரல் தானாகவே அடித்துவிட்டது. தாளை உருவிக் கசக்கி அடுப்பில் போட்டாள். புதுத் தாளில், சொன்னது சொன்னபடி அடித்தாள். தொட்டிகளின் நிறம், ஐம்பத்தைந்து நிமிஷம். வாய்க்கால், ஆறு நிமிஷம். சேர்மன் சொந்த நலன் எதையும் தெரிவிக்கவில்லை. 'திருமதி பைக்கைத் தூக்கி மாடியில் படுக்க வைத்தால் விஷயம் முடிந்தது என்று சேர்மன் கூறினார். உறுப்பினர்கள் சிரித்தனர்.' பிறகு தீர்மானம். முன்மொழிந்தவர் பிளாஞ்சர்ட், வழிமொழிந்தவர் ஸ்டார்க், ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை.

லெஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "இதை அவங்க படிச்சா?"

"படிச்சா நல்லதுதான். படிச்சுட்டு வெக்கப்படட்டும்."

"பலகையில வேற குத்தப்போறியா?"

"எப்பவும் குத்தறதுதானே."

ஐந்து உறைகளையும் ஐந்து கதவுகளில் நுழைத்தாள். மூன்று நாள் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள். உறுப்பினர்கள் யாரும் கூப்பிடவில்லை. நாலாம் நாள் பெவர்லி கூப்பிட்டாள். "பச்சையில ரெண்டு விதம் இருக்காம், மாவிஸ், அதை அஜெண்டாவுல சேத்துடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கண்ணாடிப் பலகை நிழற்குடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேருந்துக்கு நிற்கிறவர்கள் வேறு வேலையில்லாமல் அதைத்தான் வாசிப்பார்கள். உறுப்பினர்கள் ஐந்து பேருக்கும் கார் உண்டு. முதல் வாரம் இரண்டு மூன்று பேர் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்கள். இரண்டாம் வாரம் பேருந்துக்கு வராதவர்களும் வந்து நின்றார்கள். தபால்காரர் மாவிஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். ஆனால் சேர்மன் காதுக்கு எதுவும் போகவில்லை. அந்த ஊரில் அவரிடம் மனம்விட்டுப் பேசுகிற ஆள் ஒருவர்கூட இல்லை.

நவம்பர் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. சுவரோரமெல்லாம் ஆட்கள். பிளாஞ்சர்ட் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். "தொட்டி விஷயத்துக்கு இவ்வளவு ஆர்வமா!" என்று பெவர்லி காதில் சொன்னார். பெவர்லி தலையைக் கோதிக்கொண்டாள்.

"போன கூட்டத்துக் குறிப்பு. வாசித்ததாகக் கொள்ளலாமா?"

சுவரோரத்தில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"கொள்ளலாம்," என்றார் கீத். "வழிமொழியறேன்," என்றாள் பெவர்லி. ஐந்து கைகள் ஏறி இறங்கின.

மாவிஸ் தாள்களை நகர்த்தி வைத்தாள். "என்ன இந்தத் தடவை இவ்வளவு நீளம்?" என்றார் பிளாஞ்சர்ட், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"நிறையப் பேசினீங்க, சேர்மன்."

ஏழு பக்கம், ஏழு கையெழுத்து. பேனாவை மூடினார். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, "பொதுமக்கள் யாராவது?" என்றார். நெவில் எழுந்தார்.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"எங்கே?"

"வாய்க்காலுக்கு. அஞ்சு பேரும் வாளியோட வர்றதா இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க."

பிளாஞ்சர்ட் மாவிஸைப் பார்த்தார். மாவிஸ் ஐந்தாம் பக்கத்தை எடுத்து, அஜெண்டா வாசிக்கிற அதே குரலில், ஒரு சொல் விடாமல் வாசித்தாள். பள்ளத்து வீட்டைப் பற்றிய வரி வந்தபோது பெவர்லி முகம் சிவந்தது. மாடியில் படுக்க வைக்கிற இடம் வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண், "த்தூ," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அது வேடிக்கைக்குச் சொன்னது!" என்று பிளாஞ்சர்ட் மேஜையைத் தட்டினார். "சாதாரணமா எல்லாருக்கும் புரியற விஷயம். அடிச்சுடுங்க அதை!"

"வேடிக்கைக்குத் தூக்கற கைக்குத் தனிக் கணக்கு விதியில இல்லை, சேர்மன்," என்றாள் மாவிஸ். "தீர்மானத்தை ரத்து பண்ணணும்னா அஜெண்டாவுல போட்டு, மூணு நாள் முன்னாடி பலகையில ஒட்டணும். இன்னிக்கு அஜெண்டா முன்னாடியே போட்டாச்சு. அடுத்த கூட்டம் டிசம்பர்ல. சனிக்கிழமை அதுக்கு முன்னாடியே வந்துடுது."

"வாளி நாங்க கொண்டு வர்றோம்!" என்றது சுவரோரத்துக் குரல் ஒன்று. அப்புறம் எழுந்த சிரிப்பு போன மாதத்துச் சிரிப்பு மாதிரி இல்லை.

சனிக்கிழமை காலை ஊரே வேலியோரம் நின்றது. அடுத்த மே மாதம் தேர்தல் வருகிறது என்பதால் மூன்று பேர் வந்தார்கள். கை தூக்குகிற இருவருக்கும் திடீரென்று முதுகுவலி. பெவர்லி மஞ்சள் ரப்பர் கையுறையோடு வந்தாள். கீத் மூக்கில் ஏதோ தைலம் தடவியிருந்தார்.

இறங்கி அள்ள அள்ள, ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது எது என்று எல்லோரும் பார்த்தார்கள். முதலில் பிளாஞ்சர்டின் தீவனம் சுற்றிய கறுப்பு பிளாஸ்டிக், கஜக் கணக்கில். பிறகு கல்லறைத் தோட்டத்துப் புல், கவுன்சில் முத்திரை போட்ட சாக்கிலேயே அழுகிக் கிடந்தது. அடுத்து பெவர்லியின் வாளியில் வேரும் மண்ணுமாக ஒரு கட்டி வந்தது. கழுவிப் பார்த்தால் போன வருஷத்துப் பூந்தொட்டிச் செடிகள், பெயர்ச் சீட்டுகூடக் கிழியவில்லை. போட்டி முடிந்ததும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். கீத்துக்கு அறுபது எழுபது நாய்ப் பீப் பைகள் கிடைத்தன, அழகாக முடிச்சுப் போட்டபடி. அதே நீல நிறப் பை அவர் நாயின் கழுத்துப் பட்டையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் நாயைப் பார்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது நொறுங்கிய சிமெண்டுக் குழாய். வயலுக்கு டிராக்டர் போக பிளாஞ்சர்ட் போட்ட பாலத்துக்குக் கீழே, டிராக்டர் பாரத்திலேயே உடைந்திருந்தது. இடுப்பளவு கறுப்பில் நின்றுகொண்டு அவர் அதைப் பார்த்தார். பிறகு ஏறி, தன் கொட்டகைக்குப் போய், மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். இருநூறு கஜ தூரத்தில்தான் அது நின்றிருந்தது. உடைந்த குழாயைப் பிடுங்கிப் போட்டு வாய்க்காலைத் திறந்துவிட நாற்பது நிமிஷம் ஆனது.

தண்ணீர் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. ஊர் கை தட்டியது. மாவிஸ் தட்டவில்லை. நாற்பது நிமிஷம். தொட்டி நிறத்துக்கு ஐம்பத்தைந்து. அவளுக்கு அங்கே நிற்கவே அருவருப்பாக இருந்தது. மூன்று பேரின் உடம்பில் வழிந்த கறுப்பைப் பார்த்தாள். தன் கோட்டில் ஒரு துளிகூடப் படவில்லை என்பதையும் பார்த்தாள். குனிந்து, பெவர்லி போட்டுவிட்டுப் போன வாளியை எடுத்து, நெவில் வீட்டு வாசலில் தேங்கியிருந்ததை அள்ளிக் கொட்டத் தொடங்கினாள். லெஸ் வந்து இன்னொரு வாளியைப் பிடித்தார்.

மூன்று வாரத்தில் தரை காய்ந்தது. நெவில் செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். "கப்பல் கரை சேந்துடுச்சு," என்றாள் ஹேசல்.

டிசம்பர் மாத ஊர்ச் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் பிளாஞ்சர்டின் படம், இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தபடி. 'கவுன்சிலின் துரித நடவடிக்கை' என்று தலைப்பு. டிசம்பர் கூட்டத்தில் அவருக்கு நன்றித் தீர்மானம் கொண்டு வந்தது பெவர்லி. கீத் வழிமொழிந்தார். பொதுமக்கள் நாற்காலிகள் மறுபடியும் காலியாகிவிட்டிருந்தன. அடுத்த கூட்டத் தேதியைக் குறிக்கிற நேரத்தில் மாவிஸ் எழுந்து நின்று, "ஜனவரிக் கூட்டத்துல இந்தக் குறிப்பு கையெழுத்தானதும் நான் விலகிக்கறேன். வேற எழுத்தரைப் பாத்துக்குங்க," என்றாள். பெவர்லி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். கீத் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "சரி சரி, எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்," என்றார் பிளாஞ்சர்ட்.

மாவிஸ் அதையும் சொன்னது சொன்னபடி எழுதினாள்.

ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை. "போன கூட்டத்துக் குறிப்பு. வாசித்ததாகக் கொள்ளலாமா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இடுப்பளவு கறுப்பில் நின்ற மனுஷன். இந்த முறையாவது ஒரு வரி வாசிப்பார் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கடைசியாக எதிர்பார்த்தது. அவர் பேனா மூடியைக் கழற்றி, பெவர்லியிடம் எதையோ பேசிக்கொண்டே, நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மாவிஸ் மண்டபச் சாவி, பலகைச் சாவி, மினிட் புத்தகம் மூன்றையும் மேஜை நடுவில் வைத்தாள். கோட்டை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் பொருள் நாலுகூட வரலையே," என்றார் பிளாஞ்சர்ட்.

"கடைசிப் பக்கம், சேர்மன். கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வெளியே நல்ல குளிர். மில் சந்துப் பக்கமிருந்து காற்று வந்தது. ஈர மண் வாசனையும் கொஞ்சம் பன்றிக் கொட்டகையும்தான் அதில் இருந்தது. ஹேசல் தேநீருக்கு வரச் சொல்லியிருந்தாள். மண்டபக் கதவைச் சாத்தும்போது மாவிஸ் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.